பாட்டு முந்தியா, படம் முந்தியா? இசைக்கும் காணொளிக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் தேடிய கதை

பன்னிரண்டரை என்ற ஓர் எண் என்னுடைய ஒரு வாரத்தை விழுங்கியிருக்கிறது.

நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு பாட்டு. அதற்கு எடுத்த காணொளி விநாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 தனிப்படங்கள். பல்லவி முழுக்க ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஷாட் மாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதல் ஷாட்டை 12 ஃபிரேமுக்கு வெட்டிப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அதே அளவில் முப்பத்திரண்டு ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிவிட்டு ஓட்டினேன். முதல் நான்கு தட்டுகள் அருமை. எட்டாவதில் ஏதோ உறுத்தியது. பல்லவி முடிவதற்குள் படம் பாட்டை விட்டுவிட்டு ஒரு முழுத் தட்டுக்கும் மேல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மென்பொருளைத் திட்டினேன். கணினியைத் திட்டினேன். வேறொரு மென்பொருளை இறக்கி அதிலும் அதே ஷாட்டுகளை அடுக்கினேன். அங்கேயும் அதே கோணல். ஏழாம் நாள்தான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 120 வேகத்தில் ஒரு தட்டு அரை விநாடி. 25 ஃபிரேமில் அரை விநாடி என்றால் 12.5 ஃபிரேம். அரை ஃபிரேமில் வெட்ட எந்தக் கத்திரியாலும் முடியாது. ஒவ்வொரு ஷாட்டிலும் அந்த அரையை நான் முழுங்கிக்கொண்டே போயிருக்கிறேன். 32 தட்டுகளில் 16 ஃபிரேம் காணாமல் போயிருந்தது.

அறுபதை ஃபிரேம் எண்ணிக்கையால் பெருக்கிப் பாட்டின் வேகத்தால் வகுத்தால், ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பது வந்துவிடும். அதே 25 ஃபிரேமில் பாட்டை 125க்கு ஏற்றினால் முழுசாக 12. நூறுக்கு இறக்கினால் 15. விநாடிக்கு 24 ஃபிரேமில் படம் எடுத்திருந்தால் 120 வேகத்துக்கும் 12 கிடைத்திருக்கும். இப்போதெல்லாம் மெட்டு மனத்தில் உருவாகும்போதே இந்த வகுத்தலையும் போட்டுவிடுகிறேன். மென்பொருள் மாற்றினால் தீரும் என்று நாம் நம்பும் தொல்லைகளில் பாதி மென்பொருளில் இருப்பதே இல்லை. மீதிப் பாதிக்காகத்தான் இந்த மதிப்புரை.

கிட்டார் வாசிப்பது, பாடுவது, ஒலி கலப்பது எல்லாம் நான்தான். அதற்குப் படம் வெட்டுவதும் நானே. இடையிடையே, குறும்படம் எடுக்கும் நண்பர் ஒருவருக்குப் பின்னணி இசை செய்து தருகிறேன். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தள வாழ்க்கை. ஆகவே இரண்டு வேலைகளையும் ஒரே சன்னலில் முடித்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று கிடைக்காதா என்று ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறேன். வசதிகளைப் பட்டியலிட்டு டிக் அடிக்கும் அட்டவணைகளை எத்தனை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. எல்லா மென்பொருளும் எல்லாம் செய்வதாகத்தான் அவற்றில் தெரிந்தது.

அந்த அட்டவணைகளில் இல்லாத ஒரு கேள்விதான் எனக்கு வழிகாட்டியது: உங்கள் வேலையில் கடைசிவரை மாறிக்கொண்டிருப்பது எது? பாட்டு முடிந்து பூட்டப்பட்டபின் அதற்குப் படம் வெட்டுகிறீர்களா, வெட்டிய படத்துக்கு இசை தைக்கிறீர்களா? கடைசியில் மாறுவது படமென்றால் படத்தொகுப்பு மென்பொருள்தான் வீட்டுக்குத் தலைவர். ஒலி வேலையை அது சுமாராகச் செய்தாலும் போதும். கடைசியில் மாறுவது இசையென்றால் நேர் எதிர். நான் இரண்டையும் செய்கிறவன் என்பதால் இரண்டு விதமாகவும் அடிபட்டிருக்கிறேன்.

இரண்டையும் ஒன்றாக்கும் ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை என்பதற்கு வேகாஸ் சாட்சி. சோனிக் ஃபவுண்டரி நிறுவனம் 1999இல் அதை வெளியிட்டபோது அது வெறும் ஒலி மென்பொருள். அடுத்த ஆண்டே காணொளியும் அதற்குள் வந்துவிட்டது. பிறகு சோனி நிறுவனத்துக்கும், 2016இல் மேஜிக்ஸ் நிறுவனத்துக்கும் கைமாறியது. பிறப்பு ஒலியில் என்பதால், துண்டுகளைக் கால வரிசையில் அடுக்கும் அதன் டைம்லைனில் படத்தையும் ஒலித்துண்டைப் போலவே கையாளலாம். ஒரு துண்டை இழுத்து இன்னொன்றின் மேல் ஏற்றினால் அந்த இடத்தில் தானாகவே ஒன்று கரைந்து மற்றொன்று தோன்றும். இசைக்காரன் கைக்கு அது எவ்வளவு இயல்பாக இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் முதன்முதலில் படம் வெட்டியது அதில்தான். ஆனால் ஸ்வரங்களை எழுதித் திருத்தும் மிடி வேலை அதில் கிடையாது, விண்டோஸை விட்டு வெளியே வராது. பதிவுசெய்து முடித்த ஒலியைக் கொண்டுவந்து படத்தோடு சேர்ப்பவர்களுக்கு இன்றைக்கும் அது நல்ல கருவி. மெட்டை அதற்குள்ளேயே உருவாக்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

இனி என் கணினியில் நிலைத்துவிட்ட இருவர்.

முதலாமவர் டாவின்சி ரிசால்வ். பிளாக்மேஜிக் நிறுவனத்துடையது. நிறச் சீரமைப்புக்குப் பேர்போன இந்தப் படத்தொகுப்பு மென்பொருளுக்குள் ஃபேர்லைட் என்று ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. இசை வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் 1979இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த சாம்ப்ளர் கருவி (ஒலியைப் பதிந்து அதையே ஸ்வரங்களாக வாசிக்க விடுவது) நினைவுக்கு வரும். கணினித் திரையில் ஒளிப்பேனாவால் அலையை வரைந்து ஒலி உண்டாக்கலாம் என்று காட்டிய கருவி அது. அந்தப் பெயரைத் தாங்கிய நிறுவனத்தை 2016இல் பிளாக்மேஜிக் வாங்கியது. மறு ஆண்டு வந்த ரிசால்வ் 14இல் அது ஒரு பக்கமாகக் குடியேறியது.

குடியேறிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. எடிட் பக்கத்தில் ஷாட்டை மாற்றிவிட்டுக் கீழே ஒரு பொத்தானை அழுத்தினால் அதே டைம்லைன் ஒலிப்பதிவுக் கூடமாக மாறி நிற்கிறது. ஏற்றுமதி இல்லை, இறக்குமதி இல்லை, "கடைசிப் பதிப்பு 3, இதுதான் உண்மையான கடைசி" என்று கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் அவலம் இல்லை. ஒவ்வொரு தடத்துக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர் போன்ற ஒலி சீராக்கும் கருவிகள் எல்லாம் கூடவே வருகின்றன. நான் ஏற்கெனவே வைத்திருக்கும் விஎஸ்டி பிளக்-இன்களையும், அதாவது கூடுதலாகச் செருகும் ஒலிக் கருவிகளையும், ஏற்றுக்கொள்கிறது. பாட்டில் நான் பயன்படுத்திய அதே ரிவெர்ப் எதிரொலி படத்தில் வரும் பேச்சுக்கும் கிடைக்கிறது.

ஃபேர்லைட் பக்கத்தில் ஒரே ஒரு செயலை அருகில் நின்று பார்த்தால் அதன் அருமை புரியும். ஒரு பாட்டின் சரணம் தொடங்கும் முன் பாடுகிறவர் மூச்சு இழுக்கிறார். படத்தில் அதே நொடியில் அவர் உதடு பிரிகிறது. மூச்சு ஒலி மயிரிழை முந்திவிட்டது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் ஒரு ஃபிரேம், அதாவது 25 ஃபிரேம் படத்தில் 40 மில்லிவிநாடி, ஒரேயடியாகத் தாவும், முந்தியது பிந்தியதாகிவிடும். ஃபேர்லைட்டில் அலையைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம், ஃபிரேம் கோடுகள் திரையின் இரு ஓரங்களுக்கு விலகிப் போகும்வரை. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே மூச்சின் அலை ஒரு சின்ன மேடாகத் தெரிகிறது. அதைப் பிடித்து, கோடுகளைப் பற்றிக் கவலைப்படாமல், வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். ஓட்டிப் பார்த்தேன். மூச்சு இப்போது அந்த உதட்டிலிருந்துதான் வந்தது.

இதைக் காட்டியபோது குறும்பட நண்பர் சிரித்தார். "ஒன்றிரண்டு ஃபிரேம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார். அது எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது என்றேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை ஒன்று இதற்கு அளவு தருகிறது: ஒலி படத்தை முந்தினால் சுமார் 45 மில்லிவிநாடியிலேயே பார்ப்பவருக்கு உறுத்தத் தொடங்கும், பிந்தினால் சுமார் 125 வரை கண்டுகொள்ள மாட்டார். வானத்தில் மின்னல் முன்னே, இடி பின்னே. நம் காது அதற்குப் பழகியது. எனவே தவறியே ஆக வேண்டுமென்றால் ஒலி பின்தங்கட்டும் என்பது என் வழக்கம். நண்பர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ரிசால்வின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஃபேர்லைட் ஒலி கலக்கும் கூடமே தவிர இசையமைக்கும் மேசை ஆகாது. ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வைத்துத் திருத்தும் மிடித் திரை அதில் இல்லை. டிரம்ஸை அங்கே எழுதலாம் என்று போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. இந்த மென்பொருளுக்கு அதுதான் ஊன்றுகோல். அது பலவீனமாக இருந்தால் நிறப் பக்கம் மூச்சு வாங்கும். 16 ஜிபி நினைவகத்துக்குக் குறைவாக வைத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம். இலவசப் பதிப்பு தாராளமானது, அதில் மறுபேச்சில்லை. ஆசை காட்டி ஏமாற்றாமல் முழு வேலைக்கே போதுமானதாக இருக்கிறது. 3840க்கு 2160 அளவில் விநாடிக்கு 60 ஃபிரேம்வரை வெளியிடலாம். ஆனால் லினக்ஸ்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இலவசப் பதிப்பு எச்.264 என்ற சுருக்க வடிவக் காணொளியைத் திறக்காது. பெரும்பாலான கேமராக்கள் தருவது அதைத்தான் என்பதால், ஒவ்வொரு கோப்பையும் முதலில் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இன்னொன்று எல்லோருக்கும்: திட்டத்தின் ஃபிரேம் வேகத்தை, ஷாட்டுகளை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள். கொண்டுவந்தபின் அந்த அமைப்பு பூட்டிக்கொள்ளும்.

இரண்டாமவர் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருள். ஒரு காலத்தில் எல்லோர் கணினியிலும் பாட்டு ஓட்டிய வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய காக்கோஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. இறக்கி நிறுவ ஒரு பாட்டுக் கேட்கும் நேரம்கூட ஆகாது, அவ்வளவு சிறியது. 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். பார்ப்பதற்கு? கணக்கர் மேசை மாதிரி இருக்கும். சாம்பல் நிறம், அடுக்கடுக்காக மெனு, மெனுவுக்குள் மெனு. முதல் நாள் இதைத் திறந்தவர்களில் பாதிப் பேர் அன்றே மூடிவிடுவார்கள் என்பது என் ஊகம். நானும் ஒருமுறை மூடியவன்தான்.

திரும்பவும் திறக்க வைத்தது அதன் ஒரு குணம்: ரீப்பருக்குத் தடங்களில் சாதி கிடையாது. ஒலித் தடம், மிடித் தடம், காணொளித் தடம் என்ற பிரிவே இல்லை. எந்தத் தடத்திலும் எதையும் போடலாம். காணொளியை ஒரு தடத்தில் இழுத்துப் போட்டுக் காணொளிச் சன்னலைத் திறந்தால் படம் ஓடுகிறது. அதை வெட்டலாம், நகர்த்தலாம், நீட்டலாம். நடுவில் நான்கு மாத்திரையை நீக்கினால் டிரம்ஸ், குரல், படம் மூன்றும் சேர்ந்தே முன்னுக்கு நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருவர் அமர்ந்து பாடும் நேர்ப்பதிவுக் காணொளியை, மூன்று கேமராக்களோடு, ரீப்பரை விட்டு வெளியே போகாமலேயே முடித்திருக்கிறேன். பாடுவதைப் பதிவுசெய்ததும் அங்கே, கேமராக் கோணங்களை மாற்றியதும் அங்கே.

அதற்குமேல் ஆசைப்பட்டால் கை சுடும். எழுத்து மிதக்க வைப்பது, படத்தைப் பெரிதாக்கி நகர்த்துவது போன்றவற்றுக்கு வீடியோ பிராசஸர் என்ற ஒன்று இருக்கிறது; அது உள்ளபடிக்கு ஒரு சின்ன நிரல் எழுதும் பெட்டி. தயார்நிலையில் சில அமைப்புகள் வருகின்றன, அவற்றை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். நிறச் சீரமைப்பு என்ற பேச்சை மட்டும் அங்கே எடுக்க வேண்டாம். விண்டோஸில், பலவகைக் காணொளி வடிவங்களைப் படிக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் கோப்புகளைத் தனியே கொண்டுவந்து சேர்த்தால்தான் பலவகைக் காணொளிகளைத் திறக்கவும் வெளியிடவும் கை நீளும். இதையெல்லாம் படித்து முகம் சுளிப்பவர்கள் ரீப்பரின் பக்கம் படத்தொகுப்புக்காக வர வேண்டாம்.

படம் முந்தி, இசை பிந்தி என்ற வேலைக்கு அது வேறு முகம் காட்டுகிறது. நண்பரின் குறும்படம் ஒன்றில் ஒருவர் நடந்து வந்து கதவைச் சாத்துகிறார். காட்சி தொடங்கி 38.4ஆவது விநாடியில் கதவு மூடுகிறது. அந்த நொடியில் ஒரு மாத்திரைச் சுற்றின் முதல் தட்டு விழ வேண்டும். நான் 92 வேகத்தில் மெட்டு வைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் கதவு மூடும்போது 58.9 தட்டு போயிருக்கும். அதாவது எதிலும் சேராத ஓர் இடம். நான்கு தட்டுச் சுற்று என்பதால் 60 தட்டு முடிந்தால் 61ஆவது தட்டு பதினாறாம் சுற்றின் தலையில் வந்து நிற்கும். 60 தட்டை 38.4 விநாடிக்குள் அடக்க வேகம் 93.75 ஆக வேண்டும். ஒன்றே முக்கால் கூடுதல்; காதுக்குத் தெரியவே தெரியாது. டெம்போப் பெட்டியில் எண்ணைத் தட்டினேன், கதவு தாளத்தோடு சாத்தியது. மெய்சிலிர்த்து நண்பருக்கு அனுப்பினேன்.

அவர் பதில் அனுப்பினார்: "பிரமாதம். ஆனால் கதவுக்கு முன்னால் ஒரு இரண்டு விநாடியைக் குறைத்துவிட்டேன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் நான் ரீப்பரை வைத்திருக்கிறேன். கதவு இப்போது 36.4இல். அறுபது தட்டை அதற்குள் அடைத்தால் வேகம் 99 பக்கம் போய்விடும். நடக்கிறவர் ஓடுகிற மாதிரி இருக்கும். நான்கு தட்டை, அதாவது ஒரு முழுச் சுற்றை, நீக்கிவிட்டு 56 என்று வைத்தால்? 92.3. நான் முதலில் நினைத்த வேகமே ஏறக்குறையத் திரும்பி வந்துவிட்டது! மிடியில் எழுதியிருந்த பியானோவும் தாள வாத்தியங்களும் புதிய டெம்போவுக்குத் தாமாகவே இடம் மாறிக்கொண்டன. பத்து நிமிட வேலை. இதையே ஏற்றுமதிசெய்த ஒலிக்கோப்பாகப் படத்தொகுப்பு மென்பொருளில் வைத்திருந்தால் அன்றைய இரவு போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. டெம்போவை மாற்றினால் தடத்தில் உள்ள எல்லாமும் தட்டைப் பின்தொடர்வது ரீப்பரின் இயல்பான அமைப்பு; காணொளியும் சேர்ந்து நீளும், குறுகும். காணொளித் தடத்தின் அமைப்புக்குள் போய் அதன் காலக் கணக்கைத் தட்டிலிருந்து நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் டெம்போவில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் படத்துக்கு இசை அமைக்கப் போய் இசைக்குப் படத்தை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு லாஜிக் புரோ என்ற இசை மென்பொருள் சொகுசானது. ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு காணொளிதான் ஏற்கும், வெட்டவும் விடாது. ஆனால் படத்தில் எங்கெங்கே வெட்டு விழுகிறது என்று தானே கண்டுபிடித்துக் குறி வைத்துக் கொடுக்கும். பின்னணி இசைக்காரருக்கு அதைவிட நல்ல உதவியாளர் வேண்டாம். ஃபைனல் கட் புரோ என்ற படத்தொகுப்பு மென்பொருளில் வெட்டுகிறவர்களோடு அதற்குப் பேச்சுவார்த்தையும் உண்டு. இன்னொரு இசை மென்பொருளான க்யூபேஸின் புரோ பதிப்பில் டைம் வார்ப் என்ற கருவி, நான் மேலே காகிதத்தில் போட்ட கணக்கை அதுவே போடும்: சுற்றின் கோட்டைப் பிடித்துக் கதவு மூடும் நொடிக்கு இழுத்தால் டெம்போ தானாக அமையும். கணக்கு வராதவர்கள் நேரே அங்கே போகலாம். ஏபிள்டன் லைவில் கொண்டுவந்த காணொளியின் ஒலியில், நேரத்தை இழுத்து நீட்டும் வார்ப் குறிகளை நகர்த்தினால் படமும் நீண்டு சுருங்குகிறது. பயனைவிட விளையாட்டு அதிகம், ஆனால் நடனக் காணொளிக்கு நல்ல யோசனைகள் அங்கிருந்து கிடைக்கும். எஃப்எல் ஸ்டுடியோவில் உள்ள இசட்கேம் எடிட்டர் விஷுவலைசர், ஒலிக்கேற்ப ஆடும் உருவங்களைக் காணொளியாகவே வெளியிட்டுத் தரும். கேமராவே இல்லாமல் பாட்டை வெளியிட நினைப்பவருக்கு அது ஒன்றே போதும், இந்த மதிப்புரையின் மீதியைப் படிக்கவே தேவையில்லை. அடோபியின் படத்தொகுப்பு மென்பொருள் பிரீமியரும் ஒலி மென்பொருள் ஆடிஷனும் ஒன்றோடொன்று நன்றாகப் பழகியவை. ஆடிஷனில் மிடி இல்லை, இரண்டுமே மாதாமாதம் சந்தா கட்டி வைத்திருக்க வேண்டியவை. சந்தா நின்ற நாளில் பழைய பாட்டின் திட்டக் கோப்பைத் திறக்க முடியாது என்ற நினைப்பே எனக்கு ஒவ்வாது. அது என் குணம். அவற்றின் குறையென்று எழுத மாட்டேன்.

ஆக, என் கணினியில் ஒன்று அல்ல, இரண்டு. ஒரே மென்பொருள் என்ற கனவைக் கைவிட்டபோது கொஞ்சம் வருத்தம்தான். இப்போது என் கவனமெல்லாம் இரண்டுக்கும் நடுவிலுள்ள வாசற்படியில். தடுக்கி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

நான் விழுந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒலிப்பதிவுக் கருவி 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 ஒலி மாதிரி எடுக்கும் வேகத்தில், ஓடிக்கொண்டிருந்தது. பதிவுசெய்த மென்பொருள் 44.1 என்று நம்பிக்கொண்டிருந்தது. இரண்டையும் பார்க்காமல் பாடி முடித்தேன். திரும்ப ஓட்டியபோது மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் பதினாறு விநாடி ஓடியது. குரல் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுருதி (செமிடோன்) இறங்கி, காய்ச்சலில் படுத்தவர் பாடுவதுபோல் இருந்தது. அன்றைக்கு உண்மையிலேயே தொண்டை சரியில்லை என்பதால் அரை மணி நேரம் அதை நம்பவும் செய்தேன். காணொளி உலகின் வழக்கமான அளவு 48; குறுந்தகடு விட்டுச்சென்ற அளவு 44.1. படத்தோடு சேரப்போகும் எதையும் முதல் நாளிலிருந்தே 48இல் பதிவுசெய்யுங்கள்.

வாசற்படியில் எம்பி3 கோப்பையும் அனுமதிக்காதீர்கள். அந்த வடிவம் சுருக்கும்போதே கோப்பின் தலையில் சில மில்லிவிநாடி மௌனத்தைச் சேர்த்துவிடும். சில மென்பொருள்கள் அதைக் கழிக்கும், சில கழிக்காது. வேவ் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. செல்பேசியில் எடுத்த காணொளி என்றால் அதன் ஃபிரேம் வேகம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். பல செல்பேசிகள் வெளிச்சத்துக்கேற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தி, மூன்றாம் நிமிடத்தில் பிரிந்து நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்கினால் அந்தப் பிரிவு வராது.

ரிசால்விலிருந்து ரீப்பருக்குப் படம் போகும்போது நேரத்தைப் படத்தின் மேலேயே எண்களாக அச்சிட்டு, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்ற எடிட்டிங் வடிவத்தில் வெளியிடுகிறேன், எச்.264ஐவிடக் கோப்பு பெரிதுதான், ஆனால் முன்னும் பின்னும் உருட்டும்போது திணறுவதில்லை. ரீப்பரிலிருந்து இசை திரும்பும்போது படம் தொடங்குவதற்குச் சரியாக இரண்டு விநாடி முன்னால், ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பீப் ஒலி ஒன்றைச் சேர்க்கிறேன். திரைப்பட ஒலிக்கூடங்களில் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் அது. ரிசால்வில் அதே இடத்தில் ஒரு ஃபிரேம் வெள்ளைத் திரை. வெள்ளையும் பீப்பும் ஒன்றாக அடித்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம்.

போன வாரம் நண்பரின் புதிய படத்துக்கு இசையை அனுப்பினேன். வெள்ளை அடித்தது, பீப் அடித்தது, இரண்டும் ஒன்றாக. அவர் தொலைபேசியில் அழைத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, அந்தத் தொடக்கத்துப் பீப் ஒலி மட்டும் காட்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது, அதைப் படத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.